பணிக்காலக் கணக்கு

அவர் கோப்பு என் மேசைக்கு வந்தது
அறுபத்தொன்று மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை.
ஓட்மார் ஹில்லெபிரெக்ட், காவல்துறை மேஜர்.
எச் முதல் கே வரை என் பொறுப்பு.
ஜி என்றால் ஸ்டாயர்னாகலிடம் போயிருக்கும்,
இதை அவன் எழுதிக்கொண்டிருப்பான்,
அல்லது எழுதாமல்.

கூட்டல் எளிது.
இருபத்தொன்பது முதல் நாற்பத்தொன்று வரை
டோர்ட்முண்டில் சாலைக் காவல். பன்னிரண்டு.
பிறகு "வெளியிடப் பணி, கிழக்கு".
மூன்றாண்டு நான்கு மாதம்.
போர் முடிந்து ஒரு கைதி முகாம்,
மைத்துனனின் மரக்கடையில் ரசீது போடும் வேலை,
ஐம்பத்திரண்டில் மறுபடி சீருடை.
விட்டுப்போன வருடங்களையும் சேர்க்கச் சட்டம் இருந்தது.
சேர்த்தேன்.

கிழக்கு என்ற உறைக்குள்
வரக்கூடாத தாள்கள் சில வந்திருந்தன.
கார்பன் நகல்கள்; தொட்டால் கட்டைவிரலில் ஊதா.
இடம் ஸ்டாரி லோஸ்க். தொடக்கம் காலை ஐந்து முப்பது.
முடிவு மாலை நான்கு பத்து. வானிலை தெளிவு.
செலவான தோட்டா ஆயிரத்து நூற்று நாற்பது.
தொலைந்தது: மண்வெட்டி ஒன்று.
மண்வெட்டிக்கு விளக்கம் கேட்டு
அவர் கைப்பட ஒரு குறிப்பு, தேதியோடு.
ஆட்களின் எண்ணிக்கை எங்கும் இல்லை.
நான் கணக்குப் பார்ப்பவள்.
தோட்டாவிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்,
பாதியில் பென்சிலை வைத்துவிட்டேன்.

ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை.
பள்ளி பள்ளியாகப் போய்ச்
சாலை கடக்கக் கற்றுக்கொடுத்தவர்.
வெள்ளைக் கையுறை, கழுத்தில் விசில்.
என் மகன் யோஹென் படுக்கையறைத் தரையில்
மரக்குதிரைகளை நிறுத்தி
அவர் குரலில் சொல்வான்:
"இருவர் இருவராக. கையைப் பிடித்துக்கொள்.
முந்தாதே, எல்லோருக்கும் முறை வரும்."

அறுபத்து நான்கில் வழக்கு.
பல்வலி என்று விடுப்பு எடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
ஹைஃபாவிலிருந்து ஃப்ரூமா லிப்ஷுட்ஸ் வந்திருந்தாள்,
அப்பா அந்த ஊரில் தொப்பி தைத்தவர்.
கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.
மழை பெய்தது என்றாள்; முகமெல்லாம் ஈரம் என்றாள்.
அன்று அங்கே மழையில்லை என்று
வானிலை நிலையத்தின் சான்று காட்டினார்கள்.
எப்படித் தப்பினீர்கள்?
தோண்டச் சொன்னார்கள். தோண்டிக்கொண்டே இருந்தேன்.
யாரோ கத்தினார்கள், அந்தப் பக்கம் திரும்பினார்கள், ஓடினேன்.
மண்வெட்டியோடா?
ஆமாம், மண்வெட்டியோடு.
உயிருக்கு ஓடுபவர் மண்வெட்டியை ஏன் சுமக்க வேண்டும்?
தெரியவில்லை, கையில் இருந்தது.

யாரோ சிரித்தார்கள். பெரிதாக அல்ல,
இருமலைப் போல ஒரு சிரிப்பு.
அவர் சிரிக்கவில்லை.
அந்த அறையில்
மண்வெட்டியை நம்பியவர்கள் மூன்று பேர்.
அவள், அவர்,
பல் வலிக்காத நான்.

சாட்சியின் நினைவு நம்பத்தக்கதல்ல. விடுதலை.
நான் எழுந்திருக்கவில்லை.
காரணங்கள் இருந்தன;
அவருடைய ஓய்வூதியம் போலவே
மாதந்தோறும் தவறாமல் வந்தன.

இதயம் பலவீனம் என்று சான்றிதழ் வைத்திருந்தவர்
வேசர் ஆற்றில் அக்டோபர் வரை நீந்தினார்.
விலைவாசிப்படி கூடும்போதெல்லாம்
என் கையெழுத்தில் அவருக்குக் கடிதம் போனது.
எழுபத்தொன்பதில் இறந்தார், தக்காளிச் செடிகளுக்கு நடுவே.
விதவை ஓய்வூதியம் அறுபது சதவீதம். போட்டேன்.
இறுதி ஊர்வலத்துக்குப் போக்குவரத்தை
நிறுத்திக் கொடுத்தார்கள்.

தாள்கள் என்னிடம் இருக்கின்றன,
மேசை விரிப்புகளுக்கு அடியில்.
அவள் முகவரியும் அதே உறையில்,
செய்தித்தாளிலிருந்து வெட்டியது.
ஹைஃபாவுக்குத் தபால்தலை எவ்வளவு என்று
தபால் நிலையத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.
இரண்டாம் முறை
விலை ஏறியிருந்தது.